சொல்லாமல் போய் எடுத்த தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து வாய் திறந்துவிடும். காதுக்கும் வாய்க்கும் நடுவில் கொஞ்சம் யோசிக்கிற இடம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த இடத்தை வைக்காமலேயே என்னைப் படைத்துவிட்டார் ஆண்டவர். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த என்னை, கலெக்டருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் போட்டபோது இந்தக் காது விஷயம் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றில் மாவட்டம் பிரிந்து, விழுப்புரத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தை ஒட்டி, சாயம் தயாரிக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. கழிவுத் தண்ணீரைத் தேக்க ஒரு பெரிய குட்டை வெட்டியிருந்தார்கள். வேலை பெருகியதும் இரண்டாவது குட்டை வெட்ட அனுமதி கேட்டார்கள். வெட்டப்போகும் இடத்துக்கும் காலனியின் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவில் வேர்க்கடலை போடுகிற ஒரு மல்லாட்டைக் கொல்லை மட்டும்தான். முதல் குட்டை வந்ததிலிருந்தே கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, கசந்து, நாறுகிறது என்று காலனி ஜனங்கள் மனு மேல் மனு போட்டிருந்தார்கள். இரண்டாவதும் வந்துவிட்டால் அந்தக் கிணற்றை மூடிவிட வேண்டியதுதான், அவர்களுக்கு வேறு கிணறு கிடையாது. அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்று அறிவியல்படி பார்த்துச் சொல்லத்தான் எங்கள் குழு.

குழுத் தலைவர் சென்னையிலிருந்து வந்தவர், ஓய்வு பெற்ற பேராசிரியர். தண்ணீர் மாசு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. படிக்கிற காலத்தில் அவர் எழுதியதைத்தான் நான் மனப்பாடம் பண்ணினேன். மிச்சப் பேர் அதிகாரிகள். தலைவர் தலையசைத்தால் அவர்களும் அசைப்பார்கள். என்னை எதற்குச் சேர்த்தார்கள் என்றால், ஒரு பொம்பளை வேண்டும், ஒரு உள்ளூர் ஆள் வேண்டும், இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான். அதிகாரி ஒருவரே சிரித்துக்கொண்டு என்னிடம் இதைச் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

பார்வையிடப் போகிற நாளை ஒரு வாரம் முன்னாடியே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஜீப் யாருடையது? தொழிற்சாலையுடையது. மதியச் சாப்பாடு? தொழிற்சாலை விருந்தினர் விடுதியில் பிரியாணி. யாருடைய தண்ணீரைச் சோதிக்கப் போகிறோமோ அவர்கள் சோற்றையே தின்றுவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தை ஜீப்பில் உட்கார்ந்து தின்றேன். மேனேஜர் வந்து, "இன்னா மேடம், எங்க சோத்துல விஷமா வெச்சிடப் போறோம்?" என்று கேட்டார். "விஷம் இல்ல சார், உப்பு. தின்னா அப்புறம் உள்ளளவும் நெனைக்கணும்," என்றேன். மனுஷன் நல்லவர்தான், சிரித்துவிட்டுப் போனார்.

காலனிக்குள் நுழைந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரு முழுக்கச் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பொம்பளைகள் எல்லாம் விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையில் நின்றார்கள். முன்னாடி நின்றது வார்டு மெம்பர் அக்கா. களையெடுக்கப் போகிறவர், அந்தத் தடவைதான் தேர்தலில் நின்று ஜெயித்திருந்தார். கையில் பளபளவென்று தேய்த்த பித்தளைச் சொம்பு, அதில் தண்ணீர். தலைவரிடம் நீட்டினார். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. தெருவே மூச்சை விட்டது. அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"தண்ணி இளநி மாதிரி இருக்கேம்மா," என்றார் தலைவர்.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. நானும் ஒரு வாய் குடித்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, கசப்பு இல்லை. ஆனால் மூக்கில் ப்ளீச்சிங் பவுடர் வாசனை ஏறியது. கிணற்றிலிருந்து தொழிற்சாலை ஆட்களே பாட்டிலில் தண்ணீர் எடுத்தார்கள், அவர்கள் ஜீப்பிலேயே அது சோதனைக்குப் போனது. குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. குறை எப்படி இருக்கும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, கெணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டீங்களா?"

முறத்தை இரண்டு தடவை தட்டினார். "போட்டோம்."

"எறைச்சீங்களா?"

"ஆயில் எஞ்சின் வெச்சி அடிமண்ணு தெரியறவரைக்கும் எறைச்சோம். டவுன்லேர்ந்து டேங்கர்ல நல்ல தண்ணி கொண்டாந்து ஊத்தினோம்."

எனக்கு வந்ததே கோபம். "நாறுதுன்னு மனு குடுத்தது நீங்க. நாத்தத்த பாக்க வந்தவங்களுக்கு அதக் கழுவி வெச்சிக் காட்டினா எப்படிக்கா? உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கினீங்களே."

"கத்துங்க டீச்சரம்மா," என்றார் அவர். "கத்திட்டு நான் சொல்றதக் கேளுங்க. எங்க தெருவுக்குள்ள கால வெச்சி, எங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்ச ஆபீசர் இதுவரைக்கும் ஒருத்தர் இல்ல. வந்தா ரோட்டு மேலயே ஜீப்ப நிறுத்திக்கினு பேசிட்டுப் போயிடுவாங்க. மொத மொதல்ல உள்ள வர்றாங்க. வர்றவங்களுக்கு அந்த மஞ்சத் தண்ணியவா குடுக்கறது? கம்பெனியால இப்படி ஆச்சின்னு நெனைப்பாங்களா? இந்தத் தெருவு தண்ணியே இப்படித்தான்னு நெனைச்சிக்கினு போவாங்க."

நானும் அப்படிப்பட்ட தெருவில் பிறந்தவள்தான். எங்கள் தெருவில் ஒரு மாதா கோயில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கோயில் இருந்ததற்காக யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிடவில்லை. படித்து, வேலைக்கு வந்து, கல்லூரியில் எல்லோரோடும் டீ குடித்துக்கொண்டிருக்கிற எனக்கு அது மறந்துபோயிருந்தது. மறந்தவளுக்கு ஞாபகப்படுத்திவிட்டு அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"அவரு குடிச்சாரு டீச்சரம்மா. இப்ப நானே ஆபீசுக்குப் போயி, அது பொய்த் தண்ணின்னு சொல்லட்டுமா? சொன்னாலும் நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். காலனிக்காரர்கள் முதலில் கெட்ட தண்ணீர் என்றார்கள், நல்ல தண்ணீர் வந்ததும் அதுவும் நாங்கள் செய்ததுதான் என்கிறார்கள் என்று அதிகாரிகள் பேசுவார்கள். அவர்களுடைய மானத்தைச் சந்தையில் வைத்து நான் வழக்கை ஜெயிக்க வேண்டாம் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் அந்தக் கிணறும் போகக் கூடாது.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் அந்த ஊரைச் சுற்றி எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்தேன். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பார்த்தேன். இங்கேதான் எனக்கு வேறு ஒரு தலைவலி வந்தது. காலனிக் கிணற்றில் மறுபடியும் மஞ்சள் ஏறியிருந்தது, அதில் சாயக் கழிவு சந்தேகமில்லாமல் இருந்தது. கிழக்கே இருந்த கிணறுகளும் உப்பேறிக் கெட்டுத்தான் போயிருந்தன, ஆனால் அதில் சாயத்தின் சுவடே இல்லை. நிலம் அந்தப் பக்கம் மேடு, குட்டைத் தண்ணீர் அங்கே ஏறாது. கரும்புக்காக ஆழ ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சியதில் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலே வந்திருந்தது. அது கிழக்குத் தெருக்காரர்கள் தாங்களே செய்துகொண்டது.

இதைச் சொன்னதும் கிழக்குத் தெருக்காரர்கள் என் மேல் பாய்ந்தார்கள். அவர்களும் நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டிருந்தார்கள். "இன்னா டீச்சர், நீங்களும் கம்பெனி பக்கம் சாஞ்சிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "நான் எந்தப் பக்கமும் சாயல. தண்ணி எந்தப் பக்கம் சாயுதோ அதச் சொல்றேன்," என்றேன். அன்றைக்கு எனக்கு அந்தத் தெருவில் ஒரு டீகூடக் கிடைக்கவில்லை. அக்கா மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார்.

விழுப்புரத்தில் அடுத்த கூட்டம். அனுமதி கொடுக்கலாம் என்று தலைவர் எழுதி வைத்திருந்தார், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கலெக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, நான் எடுத்துப் பார்த்த தண்ணீரில் சாயம் இருக்கிறது, என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், தண்ணீரை மறுபடியும் எடுக்க வேண்டும், இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல் போய் எடுக்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு மேடம்? ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லேன்னா விஞ்ஞானமே நடக்காதும்மா," என்றார் தலைவர்.

மேனேஜரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அவர் சொன்னார்: "சொல்லாம போனா மட்டும் இன்னா? ஊர்க்காரங்களே கெணத்துல எதையாவது கலந்து வெப்பாங்க."

"அதனாலதான் சார் அவங்களுக்கும் சொல்ல வேணாம்னு சொல்றேன்."

இந்த நேரத்தில்தான் என் காது சூடானது, ஏனென்றால் தலைவர் பேனாவை எடுத்து அடுத்தவர் பக்கம் நகர்த்தினார். கல்லூரியில் அரசல்புரசலாகக் காதில் விழுந்திருந்ததை நான் கேட்டே விட்டேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கம்பெனிக்கு நீங்க ஆலோசகரா?"

பக்கத்திலிருந்த அதிகாரி என் புடவை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை.

"ஆமா. எனக்கு ஃபீஸ் தர்றாங்க. இந்தத் துறை தெரிஞ்சவங்க நம்ம பக்கத்துல கொஞ்சம் பேர்தாம்மா. எல்லாருமே ஏதாவது ஒரு கம்பெனிக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். அதுக்காக நான் பொய் எழுதிடுவேனா?"

"எழுத மாட்டீங்க சார். ஆனா சந்தேகம் வர்ற எடத்துல உங்களுக்கு சந்தேகம் வரல. அந்தத் தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் வாசனை வந்துச்சே, ஏன்னு நீங்க கேக்கலியே."

கலெக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு என்ன வேணும், நேரா சொல்லுங்க," என்றார் என்னிடம்.

சொன்னேன். போகிற நாள் கலெக்டர் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். காலனிக் கிணறு கட்டாயம், மற்றதை எல்லாம் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எடுப்போம். எங்கள் பக்கம் குலுக்கல் சீட்டு நடத்துகிற இடத்தில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள், டப்பாவை மட்டும் நம்புவார்கள். எடுத்த தண்ணீரை எல்லோர் கண் முன்னாடியும் மூன்றாகப் பிரித்து, அரக்கு வைத்து, அரசு சோதனைக்கூடத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று. கடைசியாக, எந்தப் பக்கத்தில் பணம் வாங்குகிறவரானாலும் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லட்டும், முடிவு எழுதுகிறபோது மட்டும் வெளியே போய் உட்காரட்டும்.

"யோசிக்கறேன்," என்றார் கலெக்டர். கூட்டம் கலைந்தது.

அந்த யோசனை முடிகிற வரைக்கும் நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். எங்கள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, கன்னியாகுமரி பக்கம் ஒரு காலியிடம் இருக்கிறதாம், உங்கள் பெயர் அடிபடுகிறதாம் என்றார். வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "மூணு கடலும் சேர்ற எடம், உன் வாய்க்கு அதுதான் சரியான எடம். பொட்டி கட்டட்டுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பயம் போகவில்லை.

ஒருநாள் காலையில் திடீரென்று எல்லோரையும் விழுப்புரத்துக்கு வரச் சொன்னார் கலெக்டர். போனதும் ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜை மேல் வைத்தார். உள்ளே சீட்டுகள். மேனேஜரையே கையை விட்டு எடுக்கச் சொன்னார். அவர் எடுத்ததில் கிழக்குத் தெருக் கிணறும் இருந்தது. "இப்பவே கெளம்புங்க," என்றார் கலெக்டர். ஜீப் சொன்னால் டிரைவர் வழியாகச் செய்தி முந்திக்கொள்ளும், அதனால் பஸ்ஸில் போகச் சொன்னார். தலைவர், மேனேஜர், இரண்டு அதிகாரிகள், பாட்டில் பையோடு நான். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். பஸ் கிளம்பிவிட்டால் மேனேஜர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம்தான்.

காலனியில் யாரும் எங்களை எதிர்பார்க்கவில்லை. கோலம் இல்லை, புதுப் புடவை இல்லை. அக்கா கொல்லையிலிருந்து மண் கையோடு ஓடி வந்தார். கிணற்றில் வாளியை விட்டு இழுத்தோம். தண்ணீர் மஞ்சள் கரைத்து வைத்த மாதிரி இருந்தது. தலைவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளங்கையைக் குவித்து வாளியில் விட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

அக்கா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "குடிக்காதீங்க சார். அன்னிக்கு நான் குடுத்தது எங்க தண்ணி இல்ல, டவுன் தண்ணி. எங்க தண்ணி இதுதான்."

தானாகவே சொல்லிவிட்டார். அதுவும் எல்லோர் முன்னாடியும். நான் எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். தலைவர் கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டார். "ஏம்மா அப்படிப் பண்ணீங்க?" என்றார். அக்கா தெருப் பக்கம் கையைக் காட்டினார். தலைவர் தெருவைப் பார்த்தார், அன்றைக்கு வாங்கிக் குடித்த இடத்தைப் பார்த்தார், புரிந்துவிட்டது போல. கிணற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பாட்டில்களில் அரக்கு வைத்தபோது கிழக்குத் தெருக்காரர்களும் கம்பெனி ஆளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. காலனிக் கிணற்றில் சாயக் கழிவு. கிழக்கே வெறும் உப்பு. கம்பெனிக்காரர்கள் தங்கள் பாட்டிலையே பொய் என்று சொல்ல முடியவில்லை, கிழக்குத் தெருக்காரர்களும் தங்கள் கையெழுத்தை இல்லை என்று சொல்ல முடியவில்லை. முடிவு எழுதுகிற கூட்டத்தில் தலைவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், குட்டைக்குக் கீழே எந்த ஆழத்தில் கசிவு இருக்கும் என்பது வரைக்கும். சொல்லி முடித்ததும் யாரும் கேட்காமலேயே நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாக, வராந்தா பெஞ்சில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் அதோடு சரி.

அன்றைக்கு ஏற்பட்ட அந்த வழக்கம் எங்கள் மாவட்டத்தில் ரொம்ப வருஷம் நின்றது. ரெண்டாயிரத்துப் பத்துக்கு அப்புறம் பொம்மையார்பாளையத்தில் கடல் அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கல் கொட்டலாமா என்று பார்த்த குழுவில், என் தம்பிக்கு அங்கே விடுதி இருந்ததால் என்னையே வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே பேசினது ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. வயிறு எரிந்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது. அது போகட்டும், காலனியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கலெக்டர் உத்தரவை ஊரிலேயே படித்துக் காட்டச் சொல்லி என்னை அனுப்பினார். பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் திடலில் இரண்டு தெரு ஜனமும் கூடியிருந்தது. மேனேஜரும் வந்திருந்தார். இரண்டாவது குட்டைக்கு அனுமதி இல்லை, முதல் குட்டைக்கு அடியில் கசியாமல் தளம் போட வேண்டும், அதுவரை காலனிக்குக் கம்பெனி செலவில் குழாய்த் தண்ணீர் என்று படித்ததும் கைதட்டல் எழும்பியது. காலனிப் பொம்பளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வரி கிழக்குக் கிணறுகளைப் பற்றியது, அதற்குத் தொழிற்சாலை காரணம் இல்லை, ஆழ்குழாய்களே காரணம் என்று. நான் தாளிலிருந்து தலையைத் தூக்கிக் கிழக்குத் தெருக்காரர்களைப் பார்த்தேன். கிழக்குத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, "போதும் டீச்சர், அத்தோட நிறுத்திக்குங்க, மிச்சத்தப் படிக்க வேணாம்," என்றார். காலனியிலிருந்தும் சிலர் ஆமாம், எதற்கு ஊருக்குள் சண்டை என்றார்கள். ஜெயித்த சந்தோஷம் கெட வேண்டாமே என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது.

அக்கா எழுந்து நின்றார்.

"படிங்க டீச்சரம்மா. சத்தமாப் படிங்க. ஒரு தடவ மூடி மறைச்சி, இருந்த கெணத்தயே தொலைக்கப் பாத்தோம். கெழக்குத் தெரு சேதிய மறைச்சிட்டா எங்க சேதிய மட்டும் யாரு நம்புவா?"

மேனேஜர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கிழக்குத் தெருக்காரர் உட்கார்ந்துவிட்டார். நான் மிச்சத்தையும் படித்தேன், ஒரு வார்த்தை விடாமல், என் தொண்டை எவ்வளவு சத்தம் போடுமோ அவ்வளவு சத்தமாக. படித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. குட்டை வெட்ட வந்து நின்ற பொக்லைனை அந்த வாரமே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.